கட்-ஆஃப் பட்டியலில் 'ஓசி', 'பிசி' என்றால் எதைச் சொல்கிறார்கள்?

வணக்கம். அக்கா மகள் இந்த வருடம் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறாள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவது வரை புரிந்துவிட்டது. போன வருடப் பட்டியலைத் திறந்ததும்தான் தலை சுற்றுகிறது.

ஒரே கல்லூரி, ஒரே பாடப்பிரிவு. ஓசி பத்தியில் ஒரு எண், பிசி பத்தியில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இன்னொன்று. ஓசி என்பது சாதி இல்லை, 31 சதவீதப் பொதுப்போட்டி இடங்கள், மதிப்பெண் இருந்தால் எந்தப் பிரிவினரும் வரலாம் என்பது தெரியும். (மாமாவுக்கு இதைப் புரியவைக்கவே அரை நாள் போனது.) ஆனால் பிசி மாணவி ஒருத்தி பொது இடத்தில் சேர்ந்தால் அவள் மதிப்பெண் எந்தப் பத்தியில் ஏறும்? அந்தத் தலைப்பு மாணவரின் பிரிவா, ஒதுக்கிய இடத்தின் பிரிவா?

அப்புறம், அந்த எண் கடைசியாக இடம் கிடைத்தவருடையதா? எந்தச் சுற்றில்? ஒதுக்கீடு கிடைத்தும் சேராதவர்களும் அதில் உண்டா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்களும் கலந்திருக்கின்றனவா?

அவளுக்கு 187.5, பிசி. விருப்பப் பட்டியலை எந்தப் பத்தியைப் பார்த்துப் போடுவது என்று கலந்தாய்வு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.