சதாபிஷேகத்தன்று முழுக் குடும்பப் படம்: எப்படித் தயாராவது?

கேள்வி (கும்பகோணம் வட்டாரம்)

வணக்கம். வரும் தை மாதம் எங்கள் அப்பா அம்மாவுக்குச் சதாபிஷேகம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஊர் வீட்டிலேயே நடத்துகிறோம். மூன்று தலைமுறையுமாகப் பதினெட்டுப் பேர் கூடுகிறோம். இத்தனை பேரும் ஒரே இடத்தில் சேர்வது இனி எப்போது வாய்க்கும் என்று தெரியாததால், சடங்குகளைப் படம் பிடிப்பதோடு நில்லாமல், கூடத்தில் மாட்டும்படி ஒரு முழுக் குடும்பப் படம் தனியாக எடுத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒளிப்படக்காரர் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீடு வடக்குப் பார்த்தது. முன்புறம் திண்ணை, உள்ளே முற்றம், கூடத்துச் சுவருக்குப் பச்சை வண்ணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நெடுநேரம் நிற்க முடியாது. குழந்தைகளில் ஒருவனுக்கு மூன்று வயது, இன்னொருத்திக்கு ஒரு வயது. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று அண்ணி சொல்கிறார். எனக்கு அதில் முழு மனம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பியால் வர இயலாது. அவனைப் பிறகு படத்தில் சேர்க்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (திருச்சியில் படம் எடுக்கும் தொழிலில் இருப்பவர்)

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், அம்மா. மற்றவை அதைப் பொறுத்தவை. சடங்கு முடிந்தபின் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஹோமப் புகையில் அமர்ந்து எழுந்த பெரியவர்களின் கண்கள் சிவந்திருக்கும். கலசநீர் ஊற்றிய தலை ஈரமாக இருக்கும். அதற்குள் பந்தி தொடங்கிவிடும். முந்தின நாள் மாலை நான்கு மணி அளவில், எல்லோரும் ஊர் வந்து சேர்ந்து ஓய்வெடுத்தபின் எடுப்பதே நல்லது. உங்கள் அம்மா விழாப் பட்டுப்புடவையில்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினால், விழாவன்று சங்கல்பத்துக்கு முன் நன்றாக விடிந்த ஒரு வேளையைப் புரோகிதரிடம் முன்கூட்டியே கேட்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை உங்களுக்குத் திண்ணையே போதும், ஸ்டுடியோ வேண்டாம். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்குப் பார்த்த வாசலில் நாள் முழுவதும் நேர்வெயில் விழாது. முகத்தில் பரவலான வெளிச்சம் கிடைக்கும். கண்ணுக்குக் கீழே நிழல் குழியாது, யாரும் கண்ணைச் சுருக்கவும் மாட்டார்கள். முற்றத்தில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருக்கும். வெள்ளை வேட்டி வெளிறிப் போகும், நிழலில் நிற்பவரின் முகம் கறுத்துவிடும். பச்சைச் சுவர் உள்ள கூடமும் வேண்டாம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி கன்னத்தில் பச்சை பூசிவிடும். பிறகு கணினியில் திருத்தினாலும் தோலின் நிறம் முழுதாகத் திரும்புவதில்லை.

பந்தல் விஷயத்தில் கவனம் தேவை. முந்தின நாளே வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா கட்டிவிட்டால், பதினெட்டு முகத்திலும் அந்த நிறம் ஏறிவிடும். படம் எடுத்து முடியும்வரை திண்ணைக்கு நேர் மேலே துணி போடாமல் விடும்படி, அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் வெள்ளைத் துணி கட்டும்படி பந்தல்காரரிடம் சொல்லிவையுங்கள்.

உயரமானவர்களைத் திண்ணைமேல் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் தரையில் கைப்பிடி இல்லாத மரநாற்காலிகளை ஒரே உயரத்தில் போட்டுப் பெரியவர்களை அமர்த்துங்கள். அவர்களுக்கு முன்னால் ஜமக்காளத்தில் பிள்ளைகள் உட்காரட்டும். வரிசைகளுக்கு இடையே இடைவெளி குறைவாக இருந்தால்தான் எல்லா முகமும் தெளிவாக வரும். உங்கள் ஒளிப்படக்காரர் லென்ஸ் துளையை எஃப் 8 அளவில் வைத்து, 50 மி.மீ. அளவு லென்ஸோடு தெருவரை பின்னால் போய் எடுத்தால் நல்லது. அருகிலேயே நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் இரு ஓரத்திலும் நிற்பவர்களின் முகமும் உடலும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் மருமக்கள் என்பதால் மனவருத்தமும் வரும்.

எத்தனை முறை எடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும், குழுப் படத்தில் யாரும் கண்ணை மூடாமல் இருக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் (Ig Nobel) பரிசு பெற்றார்கள். நோபல் பரிசு அல்ல அது; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படுவது. இருபது பேருக்கு உட்பட்ட குழுவானால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் இரண்டால். உங்களுக்கு ஆறு முதல் ஒன்பது வரை வருகிறது. கண் சிமிட்டுவதற்கு மட்டுமே அது. ஒரு வயதுக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே இருபதுக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2 (மதுரை, இல்லத்தரசி)

உடை பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. ஒரே நிறத்தில் பதினெட்டுப் பேர் நின்றால் சீருடை போலத் தெரிகிறதே தவிர, யார் முகமும் தனித்து நிற்பதில்லை. உங்கள் அண்ணியின் மனமும் நோகாமல் இருக்க, அம்மாவின் புடவை நிறத்தை முதலில் முடிவு செய்து, அதோடு ஒத்துப்போகிற மூன்று நான்கு நிறங்களை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அம்மா அரக்கு கட்டினால் மற்றவர்களுக்கு மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, சந்தன நிறம் ஆகியவை அழகாகச் சேரும். அம்மா கட்டும் நிறத்தை வேறு யாரும் கட்டாதிருந்தால், பார்ப்பவர் கண் தானாக அவரிடம் போகும். ஆண்களின் சட்டையில் நெருக்கமான மெல்லிய கோடுகள் வேண்டாம். டிஜிட்டல் படத்தில் அவை அலையலையாக நெளிந்து தெரியும். அகல ஜரிகை கட்டுபவர்கள் இருந்தால், பிளாஷை நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அம்மாவையும் குழந்தைகளையும் கடைசியாக அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டிலேயே குரல் ஓங்கிய ஒருவர் மற்ற எல்லோரையும் நிறுத்தி, இடம் சரிபார்த்து, வேட்டி மடிப்பையும் முந்தானையையும் திருத்தி முடித்தபின் அம்மா வந்து அமர்ந்தால் போதும். முழுக் குடும்பப் படத்தை முதலில் எடுத்துவிட்டு, அடுத்து அப்பா அம்மா இருவர் மட்டும், பிறகு பேரப்பிள்ளைகளோடு என்று எடுத்து அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் தத்தம் குடும்பமாக எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகு ஆகட்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடந்து, பெரியவர்கள் சோர்ந்தபின் முக்கியமான படம் எடுக்கப்படுகிறது. அப்பா மூக்குக்கண்ணாடி அணிபவரானால், காதுக்கு மேல் வரும் காம்பை இம்மியளவு உயர்த்தி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு மறையும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாள்தோறும் பார்க்கிற முகம் அதுதானே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாமியானா நிறத்தைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். முந்தின நாள் மாலை என்று அப்பாவிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார். தம்பியைப் பற்றி மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 1 (தொடர்ச்சி)

சேர்க்கலாம்; ஆனால் பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வரிசையின் நடுவில் இடம் விடாமல், பின்வரிசையின் ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். இங்கே எடுத்து முடித்ததும் கேமரா எந்த உயரத்தில், எவ்வளவு தொலைவில் இருந்தது, எந்த லென்ஸ் என்பதைக் குறித்துத் தம்பிக்கு அனுப்புங்கள். அவரும் வெயில் படாத நிழலில், நேர் எதிரிலிருந்து வெளிச்சம் வரும்படி நின்று, அதே உயரத்திலிருந்தும் தொலைவிலிருந்தும் தலை முதல் கால்வரை எடுக்கச் செய்து, வாட்ஸாப்பில் படமாக அல்லாமல் மூலக்கோப்பாக அனுப்ப வேண்டும். தம்பி இல்லாத படத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நாளின் உண்மைப் பதிவு அதுதான்.

பிரேம் அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 12க்கு 18 அங்குலம் என்றால் கேமராவின் படம் வெட்டுப்படாமல் அப்படியே பொருந்தும். 24 மெகாபிக்சல் கேமரா அதற்குத் தாராளம். 16க்கு 20 என்றால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டிவரும், ஓரத்தில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். பெரிய பிரேம்தான் வேண்டுமென்றால் இரு பக்கமும் இடம் விட்டு எடுக்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3 (புதுச்சேரி, பழைய படங்களில் ஈடுபாடுள்ளவர்)

ஒரு வேண்டுகோள். புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் வருத்தம் ஒன்றுதான்: உடையும் நகையும் துல்லியமாகத் தெரியும், நிற்பவர் யார் என்று எழுதியிருக்காது. உங்கள் படம் அச்சாகி வந்ததும், வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஊர், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிரேமின் பின்பலகையில் ஒட்டுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறக்கூடும். அந்தப் பட்டியலை அப்பாவே சொல்ல நீங்கள் எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் அதே கையோடு அவர் முன் வைத்து, அவற்றில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.