சிஜே3பி ஜீப்: புதிதாக வாங்கிய பிரேக் உதிரிகள் மூன்றே வாரத்தில் கைவிட்டன

கேள்வி: சோளக்காட்டு மிளகு

வணக்கம். அப்பா வாங்கிய மகிந்திரா சிஜே3பி பெட்ரோல் ஜீப்பைக் கொல்லிமலையில் எங்கள் தோட்ட வேலைக்கு இன்றும் ஓட்டி வருகிறேன். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த வண்டியின் பிரேக்கை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாக மிளகு மூட்டைகளை இறக்கியிருக்கிறோம்.

பழைய வீல் சிலிண்டர்கள் (ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் ஷூவைத் தள்ளுபவை) கசியத் தொடங்கியதால், சென்ற மாதம் நான்கு வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்புவது), பிரேக் ஷூக்கள் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்பக்கம் அழுந்தி நிறுத்துபவை), ஹோஸ்கள் என எல்லாவற்றையும் ஒரே கடையில் புதிதாக வாங்கி மாட்டினோம். பெட்டிகளில் செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. முதல் வாரத்திலேயே பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது. இரண்டாம் வாரத்தில், பெடலை விட்ட பின்னும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு டிரம்கள் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறின. மூன்றாம் வாரம், மலை இறங்கும்போது 40ஆவது வளைவுக்கு அருகில் பெடல் தரைவரை போய்விட்டது. இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்ததாலும், இந்த ஜீப்பின் கைபிரேக் சக்கரங்களில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் தனியாக இருப்பதாலும், மலைப்பக்கம் ஒதுக்கி வண்டியை நிறுத்த முடிந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிரித்துப் பார்த்தபோது வலப்பக்க முன் வீல் சிலிண்டரிலிருந்து ஆயில் ஒழுகி ஷூ முழுக்க நனைந்திருந்தது. பொருத்தியதில்தான் தவறு என்று கடைக்காரர் சொல்கிறார். வேறொரு செட் வாங்குவதா, அல்லது சாக்கில் கட்டி வைத்திருக்கும் பழைய பாகங்களையே சரிசெய்ய வழி உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பழைய சிலிண்டர்களை எக்காரணம் கொண்டும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வண்டியில் பிரேக் ஆயில் போகும் பாதை ஒன்றுதான். நான்கு சக்கரங்களில் எந்த ஒன்றில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். எனவே, நான்கில் மூன்று சிலிண்டர்கள் நல்லவை என்பது இங்கே ஆறுதல் ஆகாது.

நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கக்கூடும். இடப்பக்கம் இழுக்கிறது என்றால் வலப்பக்க முன் சக்கரம் தன் பங்கைச் செய்யவில்லை என்று பொருள். கசிவுக்கு முன்பிருந்தே இழுத்ததால், சிலிண்டரின் துளையை அளந்து பாருங்கள். முன்பக்கத்துக்கு 1 அங்குலத் துளையும் பின்பக்கத்துக்கு முக்கால் அங்குலத் துளையும் இருக்க வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால், பெட்டி மாறிப் பின் சிலிண்டரை முன்னால் மாட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் அந்தச் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் விசை பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் விசை துளையின் பரப்பைப் பொறுத்தது. முக்கால் அங்குலத் துளையின் பரப்பு 1 அங்குலத் துளையின் பரப்பில் 56 சதவீதமே.

அடுத்தது லைனர், அதாவது ஷூவின் மேல் பொருத்திய உராய்வுப் பட்டை. சிஜே ஜீப்பின் ஒவ்வொரு சக்கரத்திலும் முன்னால் நிற்கும் ஷூவின் லைனர் நீளமாகவும் பின்னால் நிற்பதன் லைனர் குட்டையாகவும் இருக்க வேண்டும். இப்போது விற்கும் மலிவான செட்டுகள் பலவற்றில் எல்லாமே ஒரே நீளத்தில் வருகின்றன. வளைவும் பொருந்துவதில்லை. லைனர் முழுவதும் சுண்ணக்கட்டியைப் பூசி, டிரம்மை மாட்டி, பெடலை மெதுவாக மிதித்தபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் டிரம்மின் வளைவைவிட லைனரின் வளைவு சிறியது. நுனிகளில் மட்டும் அழிந்திருந்தால் பிரேக் வெடுக்கெனக் கவ்வும். 9 அங்குல டிரம்மைக் கடைந்து கடைந்து 9.060 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் எந்த லைனரும் சரியாக உட்காராது; அப்போது டிரம்மையே மாற்ற வேண்டியதுதான். ஷூக்களின் கீழ்முனையைத் தாங்கும் ஆங்கர் பின்கள் மையம் விலகியவை என்பதால், அவற்றைத் திருப்பி, கீழ்முனையில் 0.005 அங்குலமும் மேல்முனையில் 0.008 அங்குலமும் இடைவெளி வருமாறு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். மேலே ஷூவை நகர்த்தும் கேமை மட்டும் திருப்பி விட்டுவிடுவது போதாது.

பிரேக் விடாமல் பிடிப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ஓட்டுநர் காலடித் தரையில் உள்ள மூடியைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் பெடலை மெல்ல அழுத்தும்போது, தொடக்கத்திலேயே உள்ளே ஒரு சிறு ஊற்றுப்போல ஆயில் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால், ஆயில் திரும்பி வருவதற்கான ஊசித்துளை அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் முழுவதும் பின்னால் வராமல் ரப்பர் கப் அதை மூடிக்கொண்டிருக்கிறது. பெடலுக்கு அரை அங்குலம் வெறும் ஓட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, பிரேக் பிடித்து நிற்கும்போதே அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால் கோளாறு ஆயில் பாதையில் இருக்கிறது. விடவில்லை என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கலாம், அல்லது ஷூ எங்காவது சிக்கியிருக்கலாம். முதல் வகையானால், மாஸ்டர் சிலிண்டரில் குழாயைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டருடையது. அங்கே விடாமல் சக்கரத்தருகே தளர்த்தும்போது மட்டும் விட்டால், ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது.

பழைய லைனர் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஏர் கம்ப்ரஸரால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பதில் 2: லேத் பட்டறை, நாமக்கல்

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இன்னொரு செட் வாங்க வேண்டாம், பழைய சிலிண்டர்களையே கொண்டுவாருங்கள். அந்தக் காலத்து வார்ப்பு கெட்டியானது. தேய்ந்திருப்பது உள்சுவர் மட்டுமே. அதைப் பெரிதாகக் கடைந்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழல்) இறக்கி, மீண்டும் சரியாக அதனதன் பழைய அளவுக்கே ஹோன் செய்தால் (தேய்த்து மெருகேற்றினால்) துருப்பிடிக்காமல் பல்லாண்டு உழைக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி ஐந்து தௌவை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கை) தாண்டினால் நான் அதை வெளியே விடமாட்டேன். மாஸ்டருக்கு ஸ்லீவ் போடும்போது அந்த ஊசித்துளையை மறுபடி துளைத்து, உட்பக்கப் பிசிறை முழுவதும் நீக்க வேண்டும். பிசிறு ஒன்று தங்கினாலும் ரப்பர் கப்பைக் கிழித்துவிடும்.

புதிய பாகங்களில் பலரும் பார்க்கத் தவறுவது மரை. இந்த வண்டி அங்குலக் கணக்கில் பிறந்தது. 3/16 அங்குலக் குழாயின் நட், அங்குலத்துக்கு 24 மரை கொண்ட 3/8 அங்குல நட். சில மலிவான சிலிண்டர்களில் அதற்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரையை வெட்டிவிடுகிறார்கள். இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் நட் சில சுற்று எளிதாக ஏறிப் பிறகு இறுகும். ஆனால் மரையின் ஆழத்தில் ஏறத்தாழ பாதிதான் பிடித்திருக்கும். அது அவசரமாக முழு பலத்துடன் பெடலை மிதிக்கும் தருணத்தில் கழன்று வரக்கூடிய மூட்டு. நட்டை மாட்டியதும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்தச் சிலிண்டரைப் பொருத்தாதீர்கள்.

லைனருக்கு எங்கள் ஊரில் குறையில்லை. லாரிகளுக்கு லைனர் அடிக்கும் பட்டறையில் பழைய ஷூவைக் கொடுத்து, அளந்து வெட்டி, ரிவெட் அடித்து, டிரம்முக்கு ஏற்ப வளைவைத் தேய்த்து வாங்கலாம். நடு ரிவெட்டிலிருந்து தொடங்கி இரு நுனிகளை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். நுனியிலிருந்து தொடங்கினால் நடுவில் லைனர் தூக்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பிரேக் ஆயில் என்று அழைத்தாலும் அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். அந்தப் பெயரை நம்பி ரப்பர் கப்புகளை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுவிய கப் ஓரிரு நாளில் ஊதிப்போகும். உங்கள் மெக்கானிக் எதில் கழுவினார் என்று தயவுசெய்து கேளுங்கள். கடைக்காரரின் வாதத்துக்கு இடம் இருக்குமானால் அது இங்கே மட்டும்தான்.

பதில் 3: குன்னூர் வாசகர்

முன் ஆக்சிலுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிவிடலாமே என்று எழுத வந்தேன். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், முறையான ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. டிரம் பிரேக்கும் சரியாக அமைந்தால் மலைக்குப் போதுமானதே.

ஆயிலை மட்டும் கவனியுங்கள். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. பிரேக் விடாமல் பிடித்துச் சூடேறிய வண்டியில் பெடல் தரைக்குப் போனதற்குக் கசிவோடு ஆயில் கொதித்ததும் காரணமாக இருக்கலாம். பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

கழற்றிய பாகங்களை, அளந்த அளவுகள் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் ஏற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். குறைபாடுள்ள பொருளால் நேரும் பாதிப்புக்கு விற்றவரும் எப்போது பொறுப்பாவார் என்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனி அத்தியாயத்தில் சொல்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: சோளக்காட்டு மிளகு

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஐயா சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். வலப்பக்க முன் சிலிண்டரின் துளை வாயில் 25.4 மில்லிமீட்டரும் நடுவில் 25.6 மில்லிமீட்டரும் இருந்தது. அதாவது உள்ளே போகப் போக அகன்றிருந்தது. எட்டு ஷூக்களிலும் லைனர் ஒரே நீளம். சுண்ணக்கட்டி நடுவில் மட்டுமே அழிந்தது. மாஸ்டரில் ஆயில் எழும்பவே இல்லை. பெடலின் வெறும் ஓட்டத்தைக் கூட்டியும் பயனில்லாததால் பட்டறையில் பிரித்தோம். பிஸ்டன் திரும்பி வந்து நிற்க வேண்டிய வளையத்துக்கான காடியை ஒரு மில்லிமீட்டர் உள்தள்ளி வெட்டியிருந்ததால், பிஸ்டன் எப்போதும் ஊசித்துளையை மூடியபடியே நின்றிருக்கிறது. மரைகள் சரியாகவே இருந்தன. மெக்கானிக் கப்புகளைப் பிரேக் ஆயிலில்தான் கழுவியிருக்கிறார். அவரைச் சந்தேகித்ததற்கு வருத்தம் தெரிவித்தேன்.

பழைய சிலிண்டர்கள் ஐந்துக்கும் ஸ்லீவ் போட்டு, புதிய கப்புகளோடு மாட்டிவிட்டோம். ஹோஸ்களையும் மாற்றினோம். லைனர்களை நாமக்கல்லில் நெட்டை, குட்டை பார்த்து அடித்து வாங்கினேன். அளவுகளோடு படங்களைக் காட்டியதும் கடைக்காரர் பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். மீதிக்காகப் புகார் பதிந்திருக்கிறேன்.

நேற்று வெறும் வண்டியோடு காரவள்ளிவரை இறங்கிப் பார்த்தேன். பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு டிரம்களையும் தொட்டுப் பார்த்தேன். நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இன்னும் இரண்டு முறை இப்படி இறங்கிய பிறகே மூட்டை ஏற்றுவேன்.