மும்பை ரயில் குண்டு வழக்கு: 12 பேரும் இல்லையென்றால் வைத்தது யார்?

தாராவி செல்வம்: 2006 ஜூலை 11 சாயங்காலம் மாஹிம் ஸ்டேஷனில் நின்றவன் நான். முதல் வகுப்புப் பெட்டியின் தகரம் வாழைமட்டை கிழிந்த மாதிரி தொங்கியது. ஏழு குண்டு, 180க்கும் மேற்பட்ட உயிர். 2015-இல் மகோகா (மகாராஷ்டிராவின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் என்றது. 2025 ஜூலை 21-இல் மும்பை உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டது. சாட்சிகளை நேரில் பார்த்த நீதிபதிக்குத் தெரியாததா, காகிதம் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது?

மாட்டுங்கா மீனா: செல்வம் அண்ணே, "இவர்களை சர்ச்கேட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன்" என்ற டாக்சிக்காரர் நூறு நாளுக்கு மேல் போலீசிடம் வாயே திறக்கவில்லை. அப்புறம் அடையாள அணிவகுப்பு. அதை நடத்தியவருக்கு அப்போது அந்த அதிகாரமே இல்லை.

செல்வம்: நூறு நாளில் முகம் மறந்துவிடுமா? என் இட்லிக் கடையில் கடன் சொல்லிவிட்டுப் போனவன் முகம் அஞ்சு வருஷம் ஆனாலும் மறக்காது.

மீனா: அவன் உங்களுக்குக் காசு தர வேண்டியவன், அதனால் மறக்காது. டாக்சியில் ஏறி இறங்கிய யாரோ ஒரு ஆளை நினைவு வைக்க என்ன காரணம்? நீதிமன்றமும் இதையேதான் கேட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாக்குமூலம் இன்னும் மோசம். போலீசிடம் சொன்னது சாதாரண வழக்கில் செல்லாது, மகோகாவில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்தால் செல்லும். அப்படிப் பதிவானவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பல இடங்களில் வரி மாறாமல் ஒன்றாகவே இருக்கின்றன. சித்திரவதைப் புகாரையும் நீதிபதிகள் நம்பினார்கள். எந்த வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, அண்ணே!

கோலிவாடா முருகன்: மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் இந்த விடுதலைத் தீர்ப்புக்குத் தடை போட்டதே, அதையும் சொல்லுங்கள் அக்கா.

மீனா: மற்ற வழக்குகளில் இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றார்கள், தம்பி. யாரையும் திரும்ப ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை.

முருகன்: சரி, அது தெரியாது.

மீனா: தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஒருவர் 2021-இல் நாக்பூர் சிறையில் கொரோனாவில் இறந்துபோனார். விடுதலை அவருக்கும் சேர்த்துத்தான்.

செல்வம்: அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒழுங்காக விசாரிக்காத போலீஸ்மீதுதான் இப்போது ஆத்திரம் வருகிறது. ஆனாலும் எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அன்றைக்கு மகனைப் பறிகொடுத்தவர். தினமும் காலையில் டீக்கு வருவார். "யாருப்பா அப்போ?" என்று கேட்கிறார். நீங்களே வந்து சொல்லுங்கள், மீனா.