மொழி மாதிரியை ஏபிஐ வழியே வழங்கப் போய் நாங்கள் பட்ட பாடு

ஆவணங்களில் தேடி, கிடைத்த பகுதியைக் கேள்வியோடு சேர்த்து மொழி மாதிரிக்கு அனுப்பி, விடையைப் பெற்றுத் தரும் பைப்லைன் ஒன்றை ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கட்டமைப்பைக் கொண்டு, பிற நிரல்கள் அழைக்கக்கூடிய இணையச் சேவையாக (ஏபிஐ) ஆக்கினேன். நான் ஒருவனே சோதித்தவரை சீராக இருந்த சேவை, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டதும் உறைந்து நின்றது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் முகவரிகூடப் பதில் தராததால், கண்காணிப்பு நிரல் சேவை ஓடும் கண்டெய்னரை நிறுத்தி மீண்டும் தொடங்கியது. பாதி விடையில் இருந்தவர்கள் அனைவரும் அறுபட்டனர்.

மாதிரிதான் மெதுவாக இயங்குகிறது என்று நம்பி, கோரிக்கைகளைக் கையாளும் தனித்தனிச் செயல்முறைகளான வொர்க்கர்களை நான்காக்கினேன். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரிக்கு 16 பிட் வடிவில் எடைகள் (அந்த அளவுருக்களின் மதிப்புகள்) மட்டுமே ஏறத்தாழ 14 ஜிபி ஆகும். ஒவ்வொரு வொர்க்கரும் தனக்கென ஒரு பிரதியை ஏற்றுவதால், மாதிரியை ஓட்டும் 24 ஜிபி நினைவகமுள்ள ஜிபியு இரண்டாவது வொர்க்கரிலேயே கை விரித்தது. உண்மையான பிழை வேறிடத்தில் இருந்தது: ‘அசிங்க் டெஃப்’ என்று அறிவித்த ஃபங்ஷனுக்குள், எல்லாக் கோரிக்கைகளையும் மாறி மாறிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பையே முடியும்வரை பிடித்து வைக்கும் சாதாரண அழைப்பை எழுதியிருந்தேன். ‘அசிங்க்’ என்பதை அழித்தவுடன் ஃபாஸ்ட்ஏபிஐ அதை ஈவென்ட் லூப்பைத் தடுக்காத தனி த்ரெட்டில் ஓட்டியது. ஒன்றரை நாள் தேடலுக்குப் பின் கிடைத்த திருத்தம் ஒரு சொல்லை நீக்கியதுதான் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

* * *

மேலே எழுதியவருக்குச் சேவை உறைந்தது. எனக்கோ, சொட்டுச் சொட்டாக வர வேண்டிய விடை ஒரே கொட்டாகக் கொட்டியது. பதிலைத் துண்டு துண்டாக அனுப்பும் எஸ்எஸ்இ முறையில் அனுப்பிய டோக்கன்கள் (மாதிரி ஒவ்வொன்றாக உருவாக்கும் உரைத் துண்டுகள்) சர்வரின் போர்ட்டை நேரே அழைத்தால் ஒவ்வொன்றாக வந்தன. முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் வழியே அழைத்தால் அரை நிமிடம் வெற்றுத் திரை, பிறகு முழு விடை. பதிலைச் சேர்த்துவைத்து அனுப்பும் அதன் பஃபரிங் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ‘எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ’ என்ற ஹெடரைச் சேர்த்ததும் அது தீர்ந்தது.

தீர்ந்ததும் அடுத்தது முளைத்தது. தமிழ் விடைகளில் ஆங்காங்கே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறிகள் தோன்றின. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘க’ என்பது 3 பைட்டுகள், ‘கொ’ என்பது 6 பைட்டுகள். டோக்கன் அந்த மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே முறியக்கூடும். நான் ஒவ்வொரு டோக்கனையும் தனித்தனியே உரையாக்கியதால் எழுத்துகள் சிதைந்தன. முழுமை பெறாத பைட்டுகளை அடுத்த டோக்கன் வரும்வரை பிடித்துவைக்கும் டிகோடரை இட்ட பிறகே சரியானது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துக் கொண்டிருந்தவரை இது கண்ணில் படவே இல்லை.

* * *

மூன்றாவதாக எழுதும் என் அனுபவம் சிறியது. சொட்டுச் சொட்டாக அனுப்பும் ஸ்ட்ரீமிங் இல்லாமல் முழு விடையாக அனுப்பியதால், நீண்ட கேள்விகளுக்கு என்ஜின்எக்ஸ் தன் இயல்பான 60 நொடி வரம்பில் 504 (நேரம் கடந்தது) பிழையைத் தந்தது. பயனர் பக்கத்து நிரல் அதைக் கண்டதும் தானே மறுபடி அழைத்தது. பழைய கோரிக்கையோ பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே கேள்விக்கு மூன்று விடைகளை ஜிபியு எழுதிக்கொண்டிருக்க, அவற்றுள் ஒன்றையும் படிக்க எதிர்முனையில் ஆள் இல்லை.