வெளிப்போக்கு இல்லாத நைவாஷா ஏரி உவர்க்காமல் இருப்பது எப்படி?

கேள்வி (வரைபடப் பிரியன்):
கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளைப் பற்றிப் படித்து வருகிறேன். நகுரு, எல்மென்டைட்டா, போகோரியா, மகாடி ஆகியவற்றிலிருந்து வெளியேறும் ஆறு எதுவும் இல்லாததால், வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு தங்கிவிடுகிறது என்பது விளங்குகிறது. ஆனால் நைவாஷாவிலிருந்தும் ஆறு எதுவும் வெளியேறவில்லை. அப்படியிருந்தும் அதன் நீரைக் கொண்டு பூந்தோட்டங்களுக்குப் பாசனம் செய்கிறார்களே, இதற்குக் காரணம் என்ன?

பதில் 1 (கற்குவியல்):
வெளிப்போக்கு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் தரை சமதளம் அன்று. கூரையின் முகட்டைப் போல நடுவில் உயர்ந்து, வடக்கிலும் தெற்கிலும் சரிகிறது. அந்த முகட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் நைவாஷா இருக்கிறது. தெற்குக் கோடியில் உள்ள மகாடியோ சுமார் 600 மீட்டரில் கிடக்கிறது. அபர்டேர் மலையிலிருந்து மலேவா ஆறு கொண்டுவரும் நன்னீரில் ஒரு பகுதி, எரிமலைச் சாம்பலும் வெடிப்புப் பாறைகளும் நிறைந்த அடித்தரையின் வழியே இரு புறமும் கசிந்து போகிறது. போகும்போது கரைந்த உப்புகளையும் கொண்டுபோய்விடுகிறது. அருகிலுள்ள ஒல்காரியா புவிவெப்ப வயலின் (நிலத்தடியில் வெந்நீரும் நீராவியும் உள்ள இடம்) நீரை ஐசோடோப்பு முறையில், அதாவது நீரில் உள்ள எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தைக் கொண்டு, ஆராய்ந்தபோது, அதில் இந்த ஏரி நீரின் பங்கும் தெரியவந்தது.

வரைபடப் பிரியன்:
மிக்க நன்றி ஐயா. மற்ற ஏரிகளில் சாப்பாட்டு உப்பைவிடச் சோடாவே (சோடியம் கார்பனேட், பைகார்பனேட் உப்புகள்) மிகுந்திருப்பது ஏன்?

பதில் 2 (கற்குவியல்):
சுற்றியுள்ள எரிமலைப் பாறைகளில் சோடியம் மிகுதி, கால்சியம் குறைவு. கரியமில வாயு கலந்த மழைநீர் அவற்றை அரிக்கும்போது சோடியம் பைகார்பனேட் கரைந்து வருகிறது. கால்சியம் போதிய அளவு இருந்திருந்தால் கார்பனேட் சுண்ணாம்பாகப் படிந்து நீரிலிருந்து நீங்கியிருக்கும். இங்கே அது நீரிலேயே தங்கிச் செறிந்துவிடுகிறது. நம் ஊரில் சலவைக்குப் பயன்படுத்திய உவர்மண்ணின் காரமும் இதே சரக்குத்தான்.

பதில் 3 (சவன்னா):
சில ஆண்டுகள் நைரோபியில் வசித்தவன் என்ற முறையில் சிறிது சேர்க்கிறேன். ஙோங் குன்றுகளைத் தாண்டி மகாடிக்கு இறங்கும் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் வெக்கை கூடிக்கொண்டே போகும். ஏரி என்று எண்ணிப் போனால், ட்ரோனா என்ற சோடா உப்பு கட்டியாக உறைந்து கிடக்கும். மேற்பரப்பில் வெளிர்சிவப்பு படர்ந்திருக்கும். மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். 1911 முதல் நடந்துவரும் அந்தச் சோடாத் தொழில் இப்போது டாடா கெமிக்கல்ஸ் வசம் உள்ளது.

நைவாஷாவைப் போலவே பாரிங்கோ ஏரியும் நன்னீர்தான். வண்டல் கலந்து பழுப்பாக இருந்தாலும் அதில் மீன் பிடிக்கிறார்கள்; அதற்குத் தெற்கே மிக அருகில் இருக்கும் போகோரியாவிலோ வெந்நீர் ஊற்றுகள் கொதித்துப் பீறிடுகின்றன, மீனே கிடையாது. நீங்கள் பார்ப்பது பழைய வரைபடமானால் கரைக்கோடுகளை நம்ப வேண்டாம். 2010-க்குப் பின் இந்த ஏரிகள் பெருகி, நகுரு தேசியப் பூங்காவின் பழைய நுழைவாயிலையே நீர் சூழ்ந்துவிட்டது. நீர் பெருகிக் காரம் நீர்த்ததால் அங்கே பூநாரைகளின் உணவான நீலப்பச்சைப் பாசி குறைந்தது. அவற்றைப் பெருங்கூட்டமாகப் பார்க்க விரும்புபவர்கள் இப்போது போகோரியாவுக்குத்தான் போகிறார்கள்.