ஒரே ஸ்பீக்கரில் கொம்பியூட்டரும் ரீவியும்

வணக்கம். என்னிடம் இருப்பது சாதாரண 2.1 (இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும்) கொம்பியூட்டர் ஸ்பீக்கர், உள்ளே போக ஒரேயொரு 3.5 மி.மீ. வயர்தான். அம்மா ரீவியில் செய்தி போடும்போதெல்லாம் மேசைக்குக் கீழே குனிந்து கழற்றி மாற்றவேண்டியிருக்கிறது. ஜாக்கும் லூசாகி, ஒரு பக்கம் கரகரக்கிறது.

ரவுணில் ஒரு கடையில் 'வை' வயரை (Y மாதிரி ஒரு முனை இரண்டாகப் பிரியும் வயர்) நீட்டினார்கள். அது ஒரு சத்தத்தை இரண்டாகப் பிரிக்கத்தான் சரி. இரண்டு அவுட்புட்டை நேரே சேர்த்தால் ஒன்றின் சிக்னல் மற்றதற்குள் போய்ச் சத்தம் குறையும், பழுதாகவும் கூடும்.

இடம், வலம் தனித்தனியாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), இரண்டு அவுட்புட்டுக்கும் மொத்தம் 4, வைத்து ஒட்டினால் போதுமா? இல்லை, சத்தங்களைக் கலக்கிற சின்ன ஓடியோ மிக்சர்தான் வேணுமா? இரண்டும் ஒரேநேரத்தில் கேட்கவேண்டும், அதனால் சுவிட்ச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் மிக்சர் எங்கே கிடைக்கும்? தெரிந்த ஆக்கள் சொல்லுங்கோ.