குடியை நிறுத்த ஜெபம் போதாதா? மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவா?

நாசரேத் மருமகள்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் சிஎஸ்ஐ சபை. என் வீட்டுக்காரர் பல வருஷமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் ஷேவ் செய்யக்கூட ஒரு மடக்கு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் அவராகவே வேதத்தின் மேல் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்றார். இரண்டாம் நாள் ராத்திரி வியர்த்துக் கொட்டியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துண்டால் அடித்துக்கொண்டே இருந்தார். ஜெபக்குழுவில் ஒருவர் வந்து பார்த்து, இது அசுத்த ஆவி, மூன்று நாள் உபவாசம் போடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்றார். மாமா பயந்துபோய் ஒரு குவாட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார். இப்போது பழையபடிதான். சாப்பாட்டில் கலக்கிற பொடி ஒன்று விளம்பரத்தில் வருகிறதே, அதைக் கொடுக்கலாமா?

ஹார்பர் அண்ணன்:
தங்கச்சி, அது அசுத்த ஆவி இல்லை. நாள் தவறாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் இப்படிச் செய்யும். நடுக்கம் வரும், வியர்க்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு வலிப்பு வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் பட்டினி போடவே கூடாது. அடுத்த முறை டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இதைப் பார்ப்பார்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

நானும் குடிநோயாளிதான். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். என்னை மீட்டது ஆண்டவர் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். அவர் எனக்கு அனுப்பிய உதவியில் டிரிப்ஸும் இருந்தது, ஊசியும் இருந்தது.

குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதுதான் ஏஏ. அதை 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர் பில் வில்சன். கடவுளை நோக்கி அவர் கதறியது எங்கே தெரியுமா? 1934 டிசம்பரில், நியூயார்க்கில் குடிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த மருத்துவமனையில். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. இன்னொருவர் டாக்டர் பாப், அவரே அறுவைச் சிகிச்சை நிபுணர். ஏஏ தொடங்கிய ஆக்ரன் ஊரில் அவர்களோடு சேர்ந்த முதல் ஆட்கள் விரும்பி வாசித்ததில் வேதத்தில் உள்ள யாக்கோபு நிருபமும் ஒன்று. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்கிற நிருபம் அது.

நம் சபைகளில் குறைவது இந்த அறிக்கைதான் என்பது என் எண்ணம். ஜெயித்த பிறகு சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறோம். இன்று சாயங்காலம் எனக்குக் குடிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்ல யாரும் இடம் கொடுப்பதில்லை. ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் நோட்டை எண்ணும். எங்கள் சபை ஊழியரான உபதேசியார் சைக்கிளோடு வெளியே நிற்பார். வசனம் எதுவும் சொல்லமாட்டார். டீக்கடைக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்து, கையில் இருந்த பணத்தை வாங்கி என் மனைவியிடம் சேர்ப்பார். பசி இருந்தால் குடி ஆசை கூடும், அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு விசுவாசம் வளர்ந்தது அந்த டீக்கடை பெஞ்சில்தான். உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு ஆளைத் தேடுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், பாளை:
அக்கா, அந்தப் பொடியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்கிற டைசல்ஃபிராம் மாதிரி மருந்தாக இருந்தால், தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி இதயம் வரை பாதிக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அந்த மாத்திரை.

பெத்தேல் தாஸ்:
எங்கள் சபையில் ஒரே ராத்திரி ஜெபத்தில் விட்டவர்கள் இருக்கிறார்கள் பிரதர். தேவனால் கூடாதது உண்டா?

ஹார்பர் அண்ணன்:
இல்லை பிரதர், உண்மைதான். அவர்களுக்காக நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அதையே அளவுகோலாக வைத்து, மருந்து எடுத்து மெதுவாகத் தேறுகிறவனை அவிசுவாசி என்று சொன்னால் அவன் கோயில் வாசலையே மிதிக்கமாட்டான். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். மனசு தாங்கவில்லை.

நாசரேத் மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணன். அவரிடம் இதை வாசித்துக் காட்டினேன். வியாழக்கிழமை பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார். ஒரு சந்தேகம். விட்ட பிறகு நற்கருணை எடுக்கலாமா? எங்கள் கோயிலில் ஒயின்தான்.

ஹார்பர் அண்ணன்:
நான் அப்பம் மட்டும்தான் எடுக்கிறேன். சபைப் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், பாத்திரம் வரும்போது தலையசைத்தால் அவர் அடுத்தவரிடம் போய்விடுவார். வியாழக்கிழமை போகும்போது அவர் சாப்பிடுகிற மற்ற மாத்திரைச் சீட்டு, கடைசியாகக் குடித்த நேரம் இரண்டையும் எழுதி எடுத்துப் போங்கள். அதுவரை வீட்டில் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.